பேர் சொல்லாத சிஸ்டர்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. தெரியாமல் இல்லை. ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் வருவார். ஆனாலும் எழுத மாட்டேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவர் செத்துப்போய் இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. செத்த அன்று காலையில் அவருடைய அண்ணன் மகன் லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தான். அத்தை உயிரோடு இருந்தபோது கிறிஸ்துமஸுக்கு மட்டும் கேக் டப்பாவோடு வந்து, உட்காராமல் போகிறவன். செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டினான்.

"கண்ணீர் அஞ்சலி ஒண்ணு வேணும்ணே. பெரிய சைஸு. பேரு நல்லா தெரியணும்."

"நான் அடிக்க மாட்டேன்."

"மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்குது. உங்க அத்தை பேரை நான் அடிக்க மாட்டேன். வேற கடையைப் பாரு."

என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். வேறு கடையில் அடித்துத் தெருமுனையில் கட்டினான். இரண்டு பக்கமும் புறா, சுற்றிலும் ரோஜாப்பூ, நடுவில் சிவப்பு எழுத்தில் பெயர். கீழே துக்கப்படுகிறவர்களின் வரிசை. அதில் பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. நான் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, நானாக இருந்தால் நேராக வைத்திருப்பேன் என்று மட்டும் தோன்றியது.

நெல்லித்தோப்பில் பேனர் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் என் பிழைப்பு. பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், சாவு. கடைக்கு மேலே சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் சிஸ்டர் வாடகைக்கு இருந்தார். கீழே நான் நாளெல்லாம் பெயர் அடித்துக்கொண்டிருப்பேன். மேலே யார் பெயரையும் சொல்லாத ஒரு மனுஷி.

யார் பெயரையும் என்றால் ஒருவர் பெயரையும்தான். பால்காரர் அவருக்கு "பாலு கொண்டாறவரு". என் மனைவி "தம்பி வூட்டம்மா". என் மகள் "சின்னது". நான் தம்பி. இது நம் ஊரில் சட்டென்று கண்ணில் படாது. நாமும் அண்ணன், அக்கா, மாமா என்றுதானே கூப்பிடுகிறோம். அதனால் தெருவுக்கு விஷயம் புரிய ரொம்ப நாள் ஆனது. புரிந்தது கிளினிக்கில்.

தெருக்கோடியில் ஒரு டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். இப்போது மூடிவிட்டார். சிஸ்டர் அங்கே நர்ஸ். அவர் ஊசி போட்டால் வலிக்காது என்று அவருக்காகவே கூட்டம் வரும். வருகிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டும், சிஸ்டர் பெயரைச் சொல்லி உள்ளே கூப்பிட வேண்டும். அவர் கதவைத் திறந்து, "இருமிக்கினே வந்தவரு வாங்க" என்பார். "கால்ல கட்டு போட்டிருக்கிற அக்கா வாங்க" என்பார்.

"ஏன் சிஸ்டர், கட்டு போடாத அக்காவெல்லாம் வரக்கூடாதா?" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரிப்பார்.

ஒரு நாள், "பச்ச சேலை கட்டினவங்க வாங்க" என்றார். பச்சைச் சேலையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்திக்கு நாய்க்கடி, இன்னொருத்திக்குச் சளி. சளிக்காரி எழுந்து உள்ளே போய் நாய்க்கடி ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். நாய் கடித்தவள் வெளியே உட்கார்ந்து, தன் முறை எப்போது வரும் என்று கேட்டபோதுதான் தெரிந்தது. சளிக்காரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டர் வெளியே வந்து எல்லார் முன்னாலும் கத்தினார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வாய் வெந்துடுமா உனக்கு?"

டாக்டருக்கு சிஸ்டர் வயதில் பாதிகூட இருக்காது. சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்பு என்னுதுதான் டாக்டர். ஆனா நாளைக்கும் என்னால பேரு சொல்ல முடியாது. நான் நின்னுக்கிறேன்" என்றார். அன்றோடு வேலை போனது.

அந்த டாக்டருக்கு அதற்கப்புறம் நான் போர்டு அடித்துத் தரவில்லை. ஆனால் சிஸ்டர் மேலும் எனக்குக் கோபம்தான். மாடிக்குப் போய்க் கேட்டேன். "அந்தப் பொம்பளைக்கு ஆகாத ஊசியா இருந்து, ஏதாவது ஆயிருந்தா? உங்க பிடிவாதத்துக்கு ஒரு உசுரா?"

"ஆமா தம்பி. அதனாலதான் வந்துட்டேன்" என்றார். வேறு சமாதானம் சொல்லவில்லை. மரவள்ளிக்கிழங்கைச் சுட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் இல்லை. இரும்புச் சட்டிக்குள் தேங்காய் மட்டையைக் கொளுத்தி, அந்தச் சாம்பலுக்குள் கிழங்கைப் புதைத்து வைப்பார். வெந்ததும் எடுத்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒட்டியிருக்கிற சாம்பலோடு தின்பார். எனக்கும் ஒன்று கொடுத்தார். பல்லில் நறநற என்றது. அப்போதுதான், தான் முன்னால் வாழ்ந்த காட்டு ஜனத்தைப் பற்றி முதலில் சொன்னார்.

சிஸ்டர் இங்கே கான்வென்ட்டில் பிரெஞ்சு படித்தவர். சின்ன வயதிலேயே கன்னியாஸ்திரீயாகி, நர்ஸ் படிப்பு முடித்து, சபை அனுப்பி பிரேசில் போனவர். அமேசான் காட்டின் தெற்கு ஓரம். அங்கே நம்பிக்வாரா என்று ஒரு ஜனம். அந்தப் பெயர்கூட அவர்கள் வைத்துக்கொண்டது இல்லையாம். காதில் ஓட்டை உள்ளவர்கள் என்று யாரோ வெளியாள் வைத்தது. ஆண்கள் மூக்கில் இறகு குத்திக்கொள்வார்கள். பெண்கள் பனங்கொட்டை மாதிரி ஒரு கொட்டையை அறுத்து, தேய்த்து, கறுப்பு மணி கோத்துப் போட்டுக்கொள்வார்கள். பக்கத்துக் காட்டு ஜனமெல்லாம் தூளி கட்டித் தூங்க, இவர்கள் மட்டும் வெறும் தரையில், நெருப்புக்குப் பக்கத்தில் படுப்பார்கள். குளிர் ஏற ஏற நெருப்பிடம் நகர்ந்து, விடியும்போது சாம்பல் பூசிக்கொண்டு எழுந்திருப்பார்கள். சிஸ்டரும் அப்படித்தான் படுப்பார். கட்டில் இல்லை, பாய் இல்லை. மார்கழியில் மாடியிலிருந்து புகை வரும். "இன்னா சிஸ்டர், இன்னைக்கே போகியா?" என்று எதிர்வீட்டுக்காரர் கத்துவார்.

அந்தக் காட்டு ஆட்கள் பெயர் சொல்ல மாட்டார்கள். பெயர் இருக்கும். வாயால் சொல்லக் கூடாது. உயிரோடு இருக்கிறவரின் பெயரைச் சொன்னால் அது அவமானம். செத்தவரின் பெயரைச் சொன்னால் அதைவிட மோசம். உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"இதுல என்னா அதிசயம் தம்பி? உங்கம்மா உங்கப்பா பேரைச் சொல்லுவாங்களா?" என்று கேட்டார்.

சொல்ல மாட்டாள்தான். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் பின்னால் நிற்கிறவளைப் பார்த்து, "நீ சொல்லு" என்பாள். அதைச் சொன்னதும் சிஸ்டர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

அவர் சபையை விட்டதும் இதனால்தான். பிரேசிலிலிருந்து திரும்பி வந்த வருஷம், கல்லறைத் திருநாள் பூசையில் அந்த வருஷம் செத்தவர்களின் பெயர்களை வாசிக்க அவரை நிறுத்தினார்கள். "மைக் முன்னாடி நின்னேன். வாய் தொறக்கல. பாட்டுக்காரங்க பாக்குறாங்க, சாமியார் பாக்குறாரு, செத்தவங்களோட வூட்டு ஆளுங்க எப்ப நம்ம பேரு வரும்னு காத்துக்கினு இருக்கிறாங்க. நான் அப்படியே நிக்குறேன்." கடைசியில் இன்னொரு கன்னியாஸ்திரீ வந்து மைக்கை வாங்கிக்கொண்டாராம். மேலதிகாரி அம்மா கூப்பிட்டு, காட்டுமிராண்டி வழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது என்றாராம். இவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான் பயபக்தியோடு இதையெல்லாம் கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்குள் பெரிய சண்டை நடந்திருக்கிறது. என் அப்பா செத்தபோது.

அப்பா மில் தொழிலாளி. மில் மூடியதும் கொஞ்ச காலம் மூட்டை தூக்கினார். செத்ததும் நானே டிசைன் செய்து, எங்கள் கடை மெஷினில் இருக்கிற பெரிய அகலத்தில் பேனர் அடித்து முனையில் கட்டினேன். அதற்குப் பிறகு சிஸ்டர் அந்தப் பக்கமே வரவில்லை. கடைக்குப் போகவும் கோவிலுக்குப் போகவும் பின்சந்து வழியாக, சாக்கடையைத் தாண்டி, சுற்றிப் போனார். கருமாதி வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன்.

"எங்கப்பா மூஞ்சில முழிக்கக் கூடாதா உங்களுக்கு?"

"அவரு மூஞ்சி இல்ல தம்பி. பேரு. செத்தவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. போறவங்க நின்னுடுவாங்க. நிக்க வைக்கக் கூடாது."

எனக்கு வந்த கோபத்தில் தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். "எங்கப்பன் பேரு பாவாடை. உயிரோட இருந்தப்ப அந்தப் பேரை எவன் சொன்னான்? மில்லுல நம்பர். யூனியன்ல தோழர். மூட்டை தூக்கினப்ப 'டேய்'. செத்ததுக்கு அப்பறம்தான் ஒரு தடவ அவரு பேரை பெருசா எழுதியிருக்கேன். ஊரே படிக்கட்டும். அவரு நின்னு படிச்சிட்டுத்தான் போகட்டுமே! உங்களுக்கென்ன?"

சிஸ்டர் குரலை உயர்த்தாமல், "உங்கப்பாவுக்கு அது சரி தம்பி. எங்க ஆளுங்களுக்கு இது சரி" என்றார்.

எங்க ஆளுங்க என்றார். அப்படித்தான் எப்போதும் சொல்வார். முதலில் காதில் விழுந்தபோது வன்னியரையோ கிறிஸ்தவரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். நம்பிக்வாராவைத்தான் அப்படிச் சொன்னார்.

அதன் பிறகு கொஞ்ச காலம் பேச்சில்லை. திரும்பப் பேச வைத்தது ஒரு போன். என் போனில் வெளிநாட்டு நம்பரிலிருந்து வீடியோ கால் வந்துகொண்டே இருந்தது. லாட்டரி மோசடி என்று கட் செய்தேன். விடவில்லை. எடுத்துத் திட்டலாம் என்று எடுத்தால், வட்ட முகத்தோடு ஒரு இளம் பெண். கழுத்தில் கறுப்பு மணி. அவள் சொன்ன வார்த்தைகளில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். சிஸ்டரின் பெயர். அவர்கள்தான் பெயர் சொல்ல மாட்டார்களே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அங்கே இருக்கிற சபைக்காரர்களிடம் சிஸ்டர் என் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தாராம்.

மாடிக்கு ஓடி, சிஸ்டரைக் கீழே கடைக்குக் கூட்டி வந்தேன்.

அவருக்குக் கண் சரியில்லை என்பதால் கம்ப்யூட்டரில் போட்டேன். திரையில் ஒரு மஞ்சள் நீராட்டு பேனர் பாதி டிசைனில் இருந்தது. நடுவில் பெண்ணின் போட்டோ, பின்னால் தென்னங்கீற்றுக் குடிசை மாதிரி ஒரு படம். அந்தப் பெண்ணின் முகம் அதை மறைத்துக்கொண்டு வந்தது. இங்கே நேரம் சாயங்காலம், அங்கே காலை. இரண்டு பேரும் போர்த்துகீசில் பேசினார்கள். சிஸ்டர் சிரித்தார். டிசைனைக் காட்டச் சொன்னார். காட்டினேன். பெரியவளானால் பெண்ணைத் தனிக் குடிசையில் வைப்போம், முறைமாமன் கீற்று கட்டுவான் என்று இவர் சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம். பெண்ணைத் தனிக் குடிசையில் அடைத்து, மாதக் கணக்கில் வைத்து, வெளியே கொண்டுவரும் நாளில் ஊரைக் கூட்டி ஆட்டமும் விருந்துமாம்.

அதற்கப்புறம் அந்தப் பெண் ஏதோ நீளமாகச் சொன்னாள். சிஸ்டரின் முகம் மாறியது. தலையை ஆட்டினார். இல்லை என்று அர்த்தம். மறுபடியும் அவள் சொன்னாள். மறுபடியும் ஆட்டினார். கால் முடிந்ததும் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். மறுநாள்தான் விஷயத்தைச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

சிஸ்டர் அங்கே போன காலத்தில் அந்தக் காட்டுக்குள் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு ரொம்ப வருஷம் முன்னால் தந்திக் கம்பி போட்டபோதும் அவர்களுக்கு நோய்தான் வந்தது. ரோட்டோடும் நோய் வந்தது, மாட்டுப் பண்ணைக்காரனும் வந்தான். அரசாங்கம் இந்த ஜனத்தை நல்ல மண்ணிலிருந்து கிளப்பிப் பொட்டல் காட்டில் விட்டது. அங்கே பசி. நடந்தே திரும்பி வந்தார்கள். வந்த இடத்தில் தட்டம்மை. ஆயிரக்கணக்கில் இருந்த ஜனம் சில நூறாகக் குறைந்து போனது. சிஸ்டர் இருந்த ஊரில் எழுந்து நிற்க ஆள் இல்லை. குழி வெட்டியது அவர்தான். அவர்கள் பழக்கம், ஆள் செத்த ஊரில் இருக்கக் கூடாது. மிச்சம் இருந்தவர்கள் செத்தவர்களின் சாமான்களோடு வீட்டைக் கொளுத்திவிட்டு வேறு இடம் போனார்கள். அப்படி விட்டுப் போன இடத்தைப் பண்ணைக்காரன் பார்த்தான். வீடு இல்லை, ஆள் இல்லை. வேலி போட்டான்.

இப்போது இந்தப் பெண்ணும் அவள் ஆட்களும் அந்த இடத்தைத் திரும்பக் கேட்கிறார்கள். அவள் அங்கே பள்ளிக்கூட டீச்சர். பண்ணைக்காரன் வக்கீல் வைத்து, இங்கே எவனும் இருந்ததே இல்லை என்கிறான். இருந்தால் யார் இருந்தார்கள், சொல்லு என்கிறான். அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? செத்தவர்களின் பெயரைச் சொல்ல முடியாதே. பெரியவர்களுக்குத் தெரியும், வாய் திறக்க மாட்டார்கள். சின்னவர்களுக்குத் தெரியவே தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் சிஸ்டரைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

செத்தவனுக்கு மரியாதை என்று ஊரை விட்டுப் போனார்கள். மரியாதை என்று பெயரை மூடி வைத்தார்கள். அந்த மரியாதையையே காட்டி ஒருத்தன் நிலத்தைப் பிடுங்குகிறான். எந்த நாட்டிலும் இந்தப் பயல்கள் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள்.

"உங்களுக்கு எல்லார் பேரும் தெரியுமா சிஸ்டர்?"

"தெரியும். யாரு எந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்திருக்காங்கன்னு தெரியும்."

"அப்ப சொல்லுங்க."

"எப்படித் தம்பி சொல்றது? எங்க ஆளுங்க பேரை நானே எப்படிச் சொல்றது?"

"நிலம் போயிடும் சிஸ்டர்."

"தெரியும்."

"நாய்க்கடி ஊசிய மாத்திப் போட்ட மாதிரிதான் இதுவும். உங்க வாய்க்கு அடுத்தவங்க கஷ்டப்படணும்." சொல்லிவிட்டு நான் கீழே வந்துவிட்டேன். கோபத்தில் அப்படித்தான் பேசுவேன். அவருக்கும் அது தெரியும்.

அந்த வாரம் மாடியில் புகை வரவில்லை. சாப்பிட்டாரா என்று தெரியாது. என் மனைவி குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். "தம்பி வூட்டம்மா, அங்க வை" என்றாராம். மறுநாள் போய்ப் பார்த்தால் அங்கேயே இருந்ததாம். மனைவி என்னைத்தான் திட்டினாள். "வயசான பொம்பளைய என்னா சொல்லித் தொலைச்சீங்க?"

அடுத்த கால் வந்தபோது அவரே இறங்கி வந்தார். டீச்சர் பெண்ணுக்குப் பக்கத்தில் இந்த முறை ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். மேல்சட்டை போட்டு, கழுத்தில் ஏகப்பட்ட கறுப்பு மணி. அவளைப் பார்த்ததும் சிஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். போர்த்துகீஸ் நின்றது. வேறு பாஷை வந்தது. தொண்டைக்குள்ளேயே பிடித்து நசுக்கி, மூக்கு வழியாக விடுகிற மாதிரி ஒரு பாஷை. சிஸ்டர் வாயில் அதை நான் முதல் முறையாகக் கேட்டேன். அந்தக் கிழவியும் இவரும் ஒரே நெருப்புக்குப் பக்கத்தில் வருஷக் கணக்கில் படுத்தவர்களாம். தட்டம்மையில் அவளுடைய பிள்ளைகளை இவர்தான் மண்ணில் வைத்தார்.

கிழவி மெதுவாகப் பேசினாள். கோபமாக இல்லை. ஜுரத்தில் இருக்கிற குழந்தையிடம் பேசுகிற மாதிரி. பேசி முடித்து, கையை இந்தப் பக்கம் நீட்டினாள். சிஸ்டர் திரையைத் தொடவில்லை. உட்கார்ந்தார்.

என் பக்கம் திரும்பி, "ஃபேனை நிறுத்து தம்பி. சத்தம் அவங்களுக்குக் கேக்கணும்" என்றார்.

நிறுத்தினேன்.

டீச்சர் பெண் ரெக்கார்டு செய்ய ஆரம்பித்ததும் கிழவி எழுந்து வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் நின்றிருந்த இன்னும் இரண்டு மூன்று பெரியவர்களும் போனார்கள். வெயில் விழுந்த வாசல் மட்டும் தெரிந்தது.

சிஸ்டர் சொன்னார். ஒரு பெயர், அப்புறம் போர்த்துகீசில் கொஞ்சம். பெயர், கொஞ்சம். கையால் மேஜை மேல் இடம் காட்டினார். இங்கே ஆறு இருப்பது போல, இங்கே மரம், இங்கே வீடு. பெயர். குழந்தை உயரத்துக்குக் கையைத் தாழ்த்தினார். பெயர். இன்னும் தாழ்த்தினார். பெயர். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. டீச்சர் பெண் தலை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். இடையில் இரண்டு முறை கண்ணைத் துடைத்தாள். அந்தப் பெயர்களில் சில அவளுடைய சொந்தக்காரர்களாக இருக்கும். முதல் முறையாகக் கேட்டிருப்பாள்.

நடுவில் ஒரு ஆள் கடைக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணே, காதுகுத்து பேனர் ரெடியா?" என்றான். வாயில் விரலை வைத்து விரட்டினேன்.

முடிந்ததும் டீச்சர் பெண் நன்றி சொன்னாள். அந்த வார்த்தை மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. கால் நின்றது. திரையில் மறுபடியும் வேறொரு வீட்டுப் பெண்ணின் போட்டோவும் பூவும் வந்தது.

டீ வாங்கி வந்தேன். குடித்தார். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அந்தக் கெழவி என்னா சொன்னாங்க சிஸ்டர்?"

"நான் சொல்லலாம்னு சொன்னாங்க."

"அதான் நானும் சொன்னேன்."

"நீ சொன்னது வேற." டம்ளரைக் கீழே வைத்தார். "எங்களால சொல்ல முடியாது, நாங்க சொன்னா எங்களுக்கு ஆகாது. நீ எங்க ஆள் இல்லையே, வெளியாளு. நீ சொன்னா உனக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதே. அப்படின்னாங்க."

அந்தக் கிழவி மேல் கோபப்பட முடியவில்லை. அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். இவர் பயப்படுகிறார் என்று நினைத்து, பயத்தை எடுத்துவிடத்தான் சொன்னாள். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

சிஸ்டர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வெளியாளுன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, குழி வெட்டும்போதே ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி வாய்விட்டு அழுதிருப்பேன் தம்பி. எங்கம்மா அழுவாங்களே, அந்த மாதிரி. சொல்லக் கூடாதுன்னு வாயை மூடிக்கினு வெட்டினேன். இத்தனை வருஷமும் மூடிக்கினே இருந்துட்டேன்."

"இப்ப அழுங்க சிஸ்டர்."

"இப்ப வரல."

எழுந்து, படியைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்.

அந்த நிலம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். டீச்சர் பெண் எனக்கு எப்போதாவது செய்தி அனுப்புவாள், நான் கம்ப்யூட்டரில் மொழிபெயர்த்துப் படிப்பேன். சிஸ்டர் சொன்னதைக் கோர்ட்டில் ஏற்றுக்கொண்டார்களாம். பண்ணைக்காரன் மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கிறானாம். இன்னும் நடக்கிறது.

அந்தக் கால் வந்த மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் பால் பாத்திரத்தோடு இறங்கி வந்தார். பால்காரரைப் பார்த்து, "முருகையன், அரை லிட்டர் குடுங்க" என்றார். பால்காரர் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சுற்றிப் பார்த்தார். பள்ளிக்கூடம் கிளம்பிய என் மகளை, "கீர்த்தனா, பாத்துப் போ" என்றார். எதிர்வீட்டுக்காரரைப் பெயர் சொல்லி, சாப்பிட்டாச்சா என்று கேட்டார். எல்லாப் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

தெருவுக்கு ஒரே சந்தோஷம். சிஸ்டருக்குச் சரியாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். "எவ்ளோ நாள் கழிச்சு நம்ம மனுசியா ஆயிட்டாங்க பாரு" என்றாள் என் மனைவி.

சிஸ்டர் கடை வாசலில் வந்து நின்றார்.

"ஏழுமலை, மாடில பல்பு போயிடுச்சு. வந்து பாக்கிறியா?"

தம்பி போய் என் பெயர் வந்திருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. பேனரில் இருக்கிற முகங்கள் அப்படித்தான் இருக்கும். சரி என்று சொல்லி, ஏணியை எடுக்கப் போனேன்.